ஒரே ஆணி

"இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரைக்கும்?"

வேலை போய்விட்டது என்று சொன்னவர்களிடம் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். ஏன் என்று கேட்கவில்லை. இன்னும் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. கையில் என்ன தருவீர்கள் என்பதைக்கூட அப்புறம்தான் கேட்டேன்.

2024 பிப்ரவரி 27, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே கால். முந்தின நாள் ராத்திரி காலண்டரில் வந்து விழுந்த பதினைந்து நிமிட மீட்டிங். திரையில் ஒரு கட்டத்தில் மேனேஜர், பக்கத்துக் கட்டத்தில் நான் அதுவரை பார்த்தே இராத எச்.ஆர். அம்மா ஒருவர். அந்த இரண்டாவது கட்டத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. மேனேஜர் எழுதி வைத்ததை வாசித்தார். பாவம், அவர் குரலும் நடுங்கியது. என் கேள்விக்கு எச்.ஆர். அம்மாதான் பதில் சொன்னார்: "இந்த மாதக் கடைசி வரை."

அதாவது வியாழக்கிழமையோடு குடும்பத்தின் மருத்துவ இன்சூரன்ஸ் முடிகிறது. லீப் வருஷம் என்பதால் ஒரு நாள் லாபம்.

ஏழு நிமிஷத்தில் மீட்டிங் முடிந்தது. பத்தாவது நிமிஷம் லேப்டாப் பூட்டிக்கொண்டது. ஆறு வருஷம் வேலை பார்த்த இடம். வருஷத்துக்கு ஒரு வாரம் என்று கணக்குப் போட்டு ஆறு வாரச் சம்பளம். அதையும் கொடுக்கத்தான் வேண்டும் என்று அமெரிக்க மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. ஊரில் ஐ.டி. வேலையில் இருக்கும் என் தம்பி, "நோட்டீஸ் பீரியட் மூணு மாசம் இருக்கும்லக்கா?" என்று கேட்டான். இங்கே வேலை 'அட் வில்'. முதலாளிக்கு விருப்பம் உள்ளவரை, நமக்கும் விருப்பம் உள்ளவரை. காரணம் சொல்லாமல் அனுப்பலாம், காரணம் சொல்லாமல் போகலாம். ஐம்பது மாநிலங்களில் மொன்டானா ஒன்றுதான் இதற்கு விலக்கு. நான் இருப்பதோ டெக்சாஸ், டாலஸுக்கு வடக்கே மெக்கின்னி என்ற ஊர்.

அன்று மத்தியானமே காரை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடினேன். மகளுக்குப் பத்து வயது, ஆஸ்துமா. இன்ஹேலர் இல்லாமல் ஏப்ரல் மாதத்தை, அதாவது இங்கே ஓக் மரங்கள் மஞ்சள் பொடியைக் கொட்டும் மாதத்தை, அவளால் தாண்ட முடியாது. கார்டு செல்லுபடியாகும் அந்த மூன்று நாளுக்குள் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்பது என் சாமர்த்தியம். கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போன தடவை வாங்கியது தீர இன்னும் நாள் இருக்கிறது. மார்ச் 7-க்கு அப்புறம்தான் இன்சூரன்ஸ் விடும்."

மார்ச் 7-ஆம் தேதி எனக்கு இன்சூரன்ஸே இருக்காது என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஐந்து வருஷமாகத் தெரிந்த முகம். குரலைத் தாழ்த்தி, "எனக்கு இந்தக் கடையிலேயே கிடையாது" என்றார்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவருக்கு மருந்து வாங்க இன்சூரன்ஸ் இல்லை. எப்படி என்று கேட்டேன். வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை தருகிறார்களாம். ஒபாமா கொண்டுவந்த 2010 சட்டத்தின்படி, ஐம்பதும் அதற்கு மேலும் முழுநேர ஆட்கள் உள்ள நிறுவனம், வாரம் 30 மணி நேரம் வேலை பார்க்கிறவருக்கு இன்சூரன்ஸ் தர முன்வர வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். முப்பதைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் தொல்லை இல்லை. மீதி நேரத்துக்கு அந்தப் பெண் வேறொரு கடையில் சாமான் அடுக்குகிறார். இரண்டு கடையும் சேர்ந்தால் வாரம் ஐம்பது மணி நேரம். இரண்டு பகுதி நேரத்தைக் கூட்டினால் ஒரு முழு நேரம் வராது என்பது அமெரிக்கக் கணக்கு.

அவர் மணிக்கு எவ்வளவு வாங்குகிறார் என்று நான் கேட்கவில்லை. மத்தியச் சட்டத்தின் குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர், 2009 ஜூலையிலிருந்து ஒரு காசு ஏறவில்லை. டெக்சாஸில் தனியாக ஒன்று கிடையாது, அதே 7.25-தான். இப்போது அந்தக் கூலிக்குப் பெரிய கடைகளில் ஆள் கிடைப்பதில்லை என்பதால் கூடத்தான் தருகிறார்கள். ஆனாலும் பதினைந்து வருஷத்துக்கு மேலாக நகராத அந்த எண் சுவரில் மாட்டிய பழைய காலண்டர் மாதிரி அப்படியே இருக்கிறது.

அருப்புக்கோட்டையில் அப்பத்தா வீட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி உண்டு. பெரிய ஆணி, கொல்லன் அடித்தது. அப்பாவின் மில் சட்டை, குடை, ரேஷன் கார்டு வைத்த மஞ்சப்பை, தினசரிக் காலண்டர், சைக்கிள் சாவி எல்லாம் அதில்தான். வேறு ஆணி அடித்தால் காரை உதிரும் என்று அப்பத்தா விடாது. ஒரு ஐப்பசி மழையில் சுவர் ஓதமேறி ஆணி கழன்று, எல்லாம் ஒன்றாகத் தரையில் கிடந்தது. ரேஷன் கார்டு நனைந்து மை கலங்கிப்போனதற்கு அப்பத்தா ஒரு வாரம் புலம்பியது.

அந்த வாரம் எனக்கு அந்த ஆணிதான் ஞாபகத்துக்கு வந்தது. இந்த நாட்டில் வேலை என்பதைச் சம்பளம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சம்பளம் அதில் தொங்கும் சட்டை மட்டும்தான். குடும்பத்தின் வைத்தியம், மகளின் பல் கம்பி, முதுமைக்குச் சேர்க்கும் 401(கே), நான் செத்தால் வரும் பணம், ஊருக்குப் போகும் லீவு, எல்லாம் அதே ஆணியில் தொங்குகிறது. எங்கள் வீட்டில் கூடுதலாக ஒன்றும் தொங்கியது: என் வீட்டுக்காரரின் மாவு.

அதைச் சொல்ல வேண்டும். நாங்கள் 2008-இல் எச்-1பி விசாவில் வந்தோம். கிரீன் கார்டுக்கு 2012-இல் மனுப் போட்டு 2022-இல் கிடைத்தது. எந்த ஒரு நாட்டுக்கும் வருஷத்தில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற விதியால் இந்தியர்களின் வரிசை நகராது. பத்து வருஷத்தில் கிடைத்தது அதிர்ஷ்டம் என்று எங்களைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பத்து வருஷமும் ஒரு சோபா வாங்கக்கூட யோசித்தோம். விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அறுபது நாளில் வேறு வேலை பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டும். அந்த அறுபது நாள் சலுகையே 2017-இல் வந்த விதி. இதெல்லாம் வெளிநாட்டுக்காரனின் தலையெழுத்து, வெள்ளைக்காரனும் கறுப்பினத்தவரும் பிறந்த மண்ணில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கார்டு தபாலில் வந்த அன்று கேசரி கிண்டினேன். அடுத்த மாதமே என் வீட்டுக்காரர் வேலையை விட்டார். பதினான்கு வருஷம் டேட்டாபேஸ் பார்த்த மனுஷனுக்கு உள்ளுக்குள் கிடந்த ஆசை, இட்லி மாவு. கோயம்புத்தூர் டில்டிங் கிரைண்டர், 110 வோல்ட்டுக்கு ஓடும் மாதிரி, பத்து லிட்டர். மணிக்கணக்கில் வாடகைக்கு ஒரு சமையல்கூடம் பிடித்தார். ஆகஸ்ட் மாத டெக்சாஸ் வெயிலில் மாவு நாலு மணி நேரத்தில் பொங்கி மூடியைத் தள்ளும்; ஜனவரியில் அதே மாவு பொங்காமல் சண்டித்தனம் செய்யும். இரண்டையும் பழக்கி, ஆறு இந்தியக் கடைகளில் அவர் மாவு நின்றது. நஷ்டம் இல்லாமல் ஓடியது. ஆனால் அந்தத் தொழிலில் நாலு பேருக்கு இன்சூரன்ஸ் கட்ட முடியாது. அதற்கு நான் இருந்தேன். நான் ஆணியைப் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் அவர் மாவு ஆட்டினார். இதை நாங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

இப்படி எத்தனை வீடுகள்! எங்கள் தெருவில் கூரை வேலை பார்ப்பவர் ஒருவர், சொந்தமாக லாரி, நாலு ஆட்கள். அவர் மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். சம்பளத்தைக் கேட்டால் சிரிப்பார். "நான் இன்சூரன்ஸுக்குப் போகிறேன்" என்பார். வேலைக்குப் போகிறேன் என்று சொல்ல மாட்டார்.

மார்ச் பாதியில் அந்தத் தபால் வந்தது: கோப்ரா. 1985-ஆம் ஆண்டு பட்ஜெட் சட்டம் ஒன்றின் நீளமான பெயருடைய முதல் எழுத்துகள். பாம்பு என்று பேர் வைத்த பிறகு கடிக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வேலை போனாலும் பதினெட்டு மாதம் வரை பழைய இன்சூரன்ஸை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கம்பெனி கட்டிய பங்கையும் சேர்த்து நீயே கட்டு, அதற்கு மேல் 2 சதவீதம் நிர்வாகச் செலவு. எனக்கு வந்த தாளில் மாதம் 2,214 டாலர். எங்களுக்கு மட்டும் கூட்டிப் போட்டுவிட்டார்களோ என்று முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. கே.எஃப்.எஃப். என்ற ஆய்வு அமைப்பு வருஷா வருஷம் எடுக்கும் கணக்கில், 2024-இல் கம்பெனி வழிக் குடும்ப இன்சூரன்ஸின் சராசரி விலை வருஷத்துக்கு 25,572 டாலர். அதில் ஊழியர் கையிலிருந்து போவது 6,296. மீதியைக் கம்பெனி கட்டுவதால் நமக்கு விலை தெரிவதில்லை. வேலை போகும் நாளில்தான் பில் கண்ணில் படுகிறது. வருமானம் நின்ற மாதத்தில்தான் அது நாலு மடங்காகிறது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. விஷயம் தெரிந்தவர்கள் ஒருவருக்கொருவர் காதோடு சொல்லிக்கொள்வது. கோப்ராவை எடுக்கிறேன் என்று சொல்ல அறுபது நாள் அவகாசம். எப்போது சொன்னாலும் பழைய தேதியிலிருந்தே அமலுக்கு வரும். அதனால் பணம் கட்டாமல் சும்மா இரு. யாருக்காவது கை கால் முறிந்தால் மட்டும் பழைய பாக்கியைக் கட்டி எடுத்துக்கொள். ஒன்றும் ஆகாவிட்டால் நாலாயிரம் டாலர் மிச்சம். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் முப்பது வருஷத்தில் நாலு முறை லேஆஃப் பார்த்த ஒரு டெக்சாஸ்காரர். நாங்களும் அப்படித்தான் செய்தோம்.

சட்டப்படி ஆபத்து இல்லை. ஆனாலும் அந்த நாட்களில் மகளைத் தொங்கி விளையாடும் கம்பியில் ஏற விடவில்லை. சைக்கிளைக் கராஜில் மேலே மாட்டிவிட்டேன். மகன் கூடைப்பந்துப் பயிற்சிக்குப் போகாமலிருக்கக் காரணங்களை ஜோடித்தேன். வீட்டுக்காரருக்கு ஒரு நாள் மார்பில் பிடிப்பு. மாவு மூட்டை தூக்கியதால் வந்த வாயு என்று இஞ்சிச் சாறு கொடுத்துவிட்டு, விடிய விடிய அவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். இன்ஹேலருக்கு முந்நூறு டாலருக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தேன்.

அறுபது நாள். விசாவில் இருந்தபோது எந்த எண்ணுக்குப் பயந்தேனோ, அதே எண். அது தற்செயல்தான். ஆனால் கிரீன் கார்டு கையில் இருக்க, சமையலறைக் காலண்டரில் மறுபடியும் நாளை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது: பிறந்த மண்ணிலும் இவர்கள் நிம்மதியாகத் தூங்கவில்லை. இவர்களும் இங்கே ஒரு மாதிரி விசாவில்தான் இருக்கிறார்கள். அதைக் கொடுப்பதும் எடுப்பதும் கம்பெனி.

இந்த ஆணியை யாராவது திட்டம் போட்டு அடித்திருந்தால் கோபப்படவாவது ஒரு ஆள் கிடைத்திருப்பார். அப்படியும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலம். ஆண்கள் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள், தொழிற்சாலைகளுக்கு ஆள் பஞ்சம். விலைவாசி எகிறாமலிருக்க 1942 அக்டோபரில் ரூஸ்வெல்ட் அரசு சம்பளத்துக்குக் கடிவாளம் போட்டது. ஆனால் இன்சூரன்ஸும் பென்ஷனும் அளவோடு இருந்தால் சம்பளக் கணக்கில் சேராது என்று ஒரு சின்னச் சந்து விட்டுவைத்தது. முதலாளிகள் அந்தச் சந்து வழியாகப் புகுந்தார்கள்: சம்பளத்தைக் கூட்ட முடியாது, ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்கிறோம், வா. போர் முடிந்தது, பழக்கம் முடியவில்லை. 1954 வருமான வரிச் சட்டம், கம்பெனி கட்டும் இன்சூரன்ஸுக்கு வரி இல்லை என்று எழுதிப் பூசி மெழுகியது. 1945-இல் ஜனாதிபதி ட்ரூமன் எல்லோருக்கும் பொதுவான இன்சூரன்ஸ் வேண்டும் என்று கேட்டார். டாக்டர்கள் சங்கம் கடுமையாக எதிர்த்து முடக்கியது. இருபது வருஷம் கழித்து, 1965 ஜூலை 30 அன்று, எங்கள் டெக்சாஸ்காரரான ஜனாதிபதி ஜான்சன், மிசூரியில் ட்ரூமனின் சொந்த ஊருக்கே போய், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டார். முதல் அட்டை ட்ரூமனுக்கு. ஆனால் அது 65 வயதானவர்களுக்கு. ஏழைகளுக்கான மெடிகெய்டும் அதே நாளில் வந்ததுதான். ஆனால் டெக்சாஸில் குழந்தை இல்லாத, ஊனம் இல்லாத நடுவயதுக்காரர் எவ்வளவு ஏழையானாலும் அதற்குள் நுழைய முடியாது. 2010 சட்டம் கதவைத் திறக்கச் சொன்னது, மாநிலம் திறக்கவில்லை.

ஆக, வேலை பார்க்கும் வயதில் இருப்பவருக்கு ஆணி. 65 ஆனால் அரசாங்கம்.

அதை எண்ணிக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் டீமில் இருந்தார். வெள்ளைக்காரர், அறுபதைத் தாண்டியவர், மனைவிக்கு முடக்குவாதம். அவர் மானிட்டரின் கீழ் விளிம்பில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள் இருக்கும். அதில் ஒரு எண் மட்டும். மாதம் பிறந்ததும் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டுவார். நான் சேர்ந்த புதிதில் அது ஏதோ சர்வர் எண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மெடிகேருக்கு எத்தனை மாதம் பாக்கி என்ற கணக்கு அது. அவருக்கு அந்த வேலை பிடிக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். மீன்பிடிக்கப் போக வேண்டும், ஏரிக்கரையில் வீடு இருக்கிறது, கடன் இல்லை. ஆனாலும் தாளைக் கிழித்து ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு அவருக்கும் மீட்டிங் வந்தது. அன்று தாளில் இருந்த எண் 19.

அந்த வருஷம் அக்டோபரில் வீட்டுக்குப் பெயின்ட் வாங்கப் போனபோது அவரைப் பார்த்தேன். கடையின் ஏப்ரன் கட்டிக்கொண்டு, டப்பாவைக் குலுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்ததும் நலம் விசாரிக்கவில்லை. "பதினொன்று" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். என் டப்பா மூடியைச் சுத்தியலால் தட்டி மூடிக் கொடுத்தார்.

லீவைப் பற்றியும் சொல்லாமல் முடியாது. அது என் சொந்தப் புண்.

எங்கள் ஊரில் லீவு 'போடுவது' என்றுதான் வழக்கம். காய்ச்சலா, லீவு போடு. கல்யாணமா, லீவு போடு. இங்கே லீவைப் போட முடியாது. முதலில் சம்பாதிக்க வேண்டும். சம்பளத்தோடு எடுக்கும் அந்த லீவைப் பி.டி.ஓ. என்பார்கள். என் கணக்கில் இரண்டு வாரத்துக்கு 4.62 மணி நேரம் சேரும். சம்பளத்தோடு ஒரு நாளாவது விடுப்பு கொடுத்தாக வேண்டும் என்று மத்தியச் சட்டம் எதுவும் கிடையாது. 1993-இல் கிளின்டன் கையெழுத்திட்ட குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் பன்னிரண்டு வாரம் தருகிறது, சம்பளம் இல்லாமல். அதுவும் ஐம்பது பேருக்குக் குறையாத கம்பெனியில் ஒரு வருஷம் முடித்திருந்தால். சாவு வீட்டுக்கு அதில் இடமில்லை. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி மாதிரிச் சில மாநிலங்கள் சம்பளத்தோடு குடும்ப விடுப்புக்குத் தனியாக வழி செய்திருக்கின்றன. டெக்சாஸ் அந்தப் பட்டியலில் இல்லை.

2022 அக்டோபரில் அப்பா இறந்தார். கம்பெனி விதிப்படி நெருங்கிய உறவு என்றால் மூன்று நாள், தாத்தா பாட்டி என்றால் ஒரு நாள். டாலஸிலிருந்து தோஹா, தோஹாவிலிருந்து சென்னை, அப்புறம் மதுரை, அங்கிருந்து கார். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வாசலில் பந்தலின் மூங்கில் மட்டும் நின்றது. மூன்று நாளில் இரண்டு நாள் வானத்திலேயே கழிந்துவிட்டது. கையில் பி.டி.ஓ. ஆறு நாள். பதினாறாம் நாள் காரியம் வரை இருக்க வழியில்லை.

மேனேஜர் நல்லவர். "லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போ, அங்கிருந்தே பார், யாரும் கேட்க மாட்டார்கள்" என்றார். டாலஸின் காலை ஒன்பது மணி அருப்புக்கோட்டையில் ராத்திரி ஏழரை. துக்கம் கேட்க ஆட்கள் வரும் நேரம். கீழே அத்தைமார் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். நான் மொட்டை மாடியில், சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று, நேற்று என்ன முடித்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன் என்று ஒப்பித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா மேலே வந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றது. நான் மைக்கை அணைத்ததும் கேட்டது: "யாருகிட்ட தாயி பேசுற? அப்பாவப் பத்தியா?"

ஆமா என்று சொல்லிவிட்டேன்.

ஊரை உயர்த்திப் பேச இதை எழுதவில்லை. அப்பாவுக்கும் மில் வேலையில்தான் ஈ.எஸ்.ஐ. கார்டு தொங்கியது. மில் மூடிய வருஷம் அதுவும் போனது. ஆனால் அதற்கப்புறம் அவருக்கு மூச்சிரைப்பு வந்தபோது மதுரை பெரியாஸ்பத்திரி இருந்தது. வரிசை, நாற்றம், தரையில் பாய், எல்லாம்தான். உன் கார்டு எங்கே என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ஆணி கழன்றால் விழுவதற்குக் கீழே ஒரு தரை இருந்தது.

இங்கே தரைக்குப் பதிலாக மனிதர்கள் கை நீட்டுகிறார்கள். அதைப் பார்த்து வியந்தும் இருக்கிறேன், எரிச்சலும் பட்டிருக்கிறேன். பழைய கம்பெனியில் ஒரு பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய். பன்னிரண்டு வார விடுப்பும் தீர்ந்துவிட்டது. வேலையை விட்டால் இன்சூரன்ஸ் போகும், இன்சூரன்ஸ் போனால் கீமோ நிற்கும். ஒரு நாள் எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது: உங்கள் பி.டி.ஓ. நேரத்தை அவருக்குத் தானமாகக் கொடுக்கலாம். ரத்த தானம், அன்னதானம் கேள்விப்பட்டிருக்கிறேன். லீவு தானம் அன்றுதான் கேள்விப்பட்டேன். நான் எட்டு மணி நேரம் கொடுத்தேன். நாற்பத்தொரு பேர் சேர்ந்து முப்பத்தாறு நாள் தேற்றினோம். அதில் பாதிப் பேர் அந்தப் பெண்ணைப் பார்த்ததுகூட இல்லை. எனக்குக் கண் கலங்கியது. வீட்டுக்கு வந்து காரை நிறுத்தும்போதுதான் கோபம் வந்தது. முப்பத்தாறு நாள் என்பது அந்தக் கம்பெனிக்கு எம்மாத்திரம்? அதைக் கொடுக்க மனசில்லாமல், அம்மாவைப் பார்க்கப் போக நான் சேர்த்து வைத்த ஒரு நாளை எடுத்துக் கொடுத்துவிட்டு, 'நாம் எல்லாரும் ஒரே குடும்பம்' என்று கடைசி வரியில் எழுதியிருந்தார்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். ஏப்ரல் 26-ஆம் தேதி, அரசாங்கத்தின் இன்சூரன்ஸ் சந்தையில் சேரும் கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது, அங்கே ஒன்றை எடுத்தோம். மே 1 முதல் அமல். அந்த வருஷம் எவ்வளவு சம்பாதிப்பீர்கள் என்று கேட்டிருந்தது. வேலை இல்லாதவளிடம் கேட்கும் கேள்வியா இது! ஏதோ ஒரு எண்ணைப் போட்டேன். மகளின் டாக்டர் அந்தத் திட்டத்தின் பட்டியலில் இல்லை. ஆஸ்துமாவுக்குப் புது டாக்டரிடம் முதலிலிருந்து கதை சொன்னோம். இரண்டு பேரும் வேலை தேடினோம். அவருக்கு முதலில் கிடைத்தது. ஜூன் 3 அன்று சேர்ந்தார், பழைய மாதிரியே டேட்டாபேஸ், பழைய மாதிரியே கழுத்தில் அட்டை. முந்தின சனிக்கிழமை ஆறு கடைகளுக்கும் நேரில் போய் மாவு வராது என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரு கடைக்கார குஜராத்திப் பாட்டி மட்டும், "ஏன் பையா, நல்லாத்தானே போச்சு?" என்று கேட்டாராம். இவர் என்ன பதில் சொன்னார் என்று என்னிடம் சொல்லவில்லை. எனக்கு ஜூலையில் கிடைத்தது, பழைய சம்பளத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு. பரவாயில்லை என்று சேர்ந்துவிட்டேன். இப்போது ஆணி அவர் பக்கம். என் பக்கம் லீவுக் கணக்கு ஒன்றிலிருந்து ஆரம்பம்.

நவம்பர் பாதியில் புதுக் கம்பெனியில் ஒரு மின்னஞ்சல். வேறு ஊர், வேறு டீம், வேறு நோய். அதே வேண்டுகோள். கீழே ஒரு சின்னக் கட்டம்: எத்தனை மணி நேரம் கொடுக்கிறீர்கள்?

என் கணக்கைத் திறந்து பார்த்தேன். 33.58 மணி நேரம். டிசம்பரில் அம்மாவைப் பார்க்க ஒன்பது நாள் வேண்டும், அதாவது 72. கிளம்புவதற்குள் இன்னும் மூன்று தவணை சேரும். மீதிக்கு மைனஸ் நாற்பது வரை கடன் வாங்கலாம். நடுவில் வேலை போனால் கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். கட்டத்தில் 8 என்று அடித்தேன். அழித்தேன்.

கராஜிலிருந்து கிரைண்டர் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓடுகிறது, நாலு பேருக்குப் பத்து லிட்டர். மிச்சத்தைத் தெருவில் எல்லோருக்கும் கொடுக்கிறார். கூரைக்காரர் வீட்டில் இப்போது ஊத்தப்பம் சுடுகிறார்கள். உளுந்து போதுமா என்று வந்து பார்க்கச் சொல்லி என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். 4 என்று அடித்து அனுப்பிவிட்டுப் போனேன்.